சட்டை கேட்டால் தட்டை

டெல்லித் தமிழ்க் குடும்பங்களில் குழந்தைக்கு மூன்று வயதானதும் ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. நர்சரி அட்மிஷனைச் சொல்லவில்லை, அது வேறு தலைவலி. இது வீடியோ காலில் நடப்பது. ஊரிலிருந்து ஆச்சி கேட்பாள்: "எங்க ராசா, வாழைப்பழம் சொல்லு பாப்போம்." பையன் "வாலப்பலம்" என்பான். திருநெல்வேலியிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பி மயூர் விஹார் வரை வரும். "வடக்க கூட்டிட்டுப் போயி புள்ளைக்குத் தமிழ் நாக்கே இல்லாமப் போச்சே!"

தேர்வு வைக்கும் ஆச்சியே பழக்கடையில் "வாளப்பளம் ஒரு சீப்பு குடுங்க" என்றுதான் கேட்பாள். தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்து ரொம்ப காலம் ஆகிறது. அதை யாரும் அவளிடம் சொல்வதில்லை.

எங்கள் சின்னவனுக்கு ழ ஒரு பிரச்சினையே இல்லை. அவனுக்கு ச வராது, க வராது, இரண்டும் த ஆகிவிடும். ர கேட்டால் ல வரும். குளித்துவிட்டு வந்து "தட்டை போட்டு விடு" என்று நிற்பான். பூங்காவில் பெரிய வேப்பமரத்தைக் காட்டி, "தாத்தா, எவ்ளோ பெலிய மலம்!" என்று கத்த, என் மாமனார் செருப்பைத் தூக்கிப் பார்த்தார். அமாவாசையன்று மொட்டை மாடியில் காக்காவுக்குச் சோறு வைத்தபோது, "தாத்தா வா, தாத்தா வா" என்று ஆசையாகக் கூப்பிட்டான். "ஏம்மா, நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன்?" என்றார் அவர்.

சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி மிஞ்சும்: வீட்டில் நாம் என்ன செய்யலாம்? பூங்காவில் மற்ற அம்மாக்களும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். நான் பேச்சுத் தெரபிஸ்ட் இல்லை. சின்னவனின் தெரபி அறையில் ஒரு மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா. அங்கே பார்த்ததும், பிறகு தேடிப் படித்ததும், வீட்டில் செய்து பார்த்ததும்தான் இந்தப் பதிவு. ஒரே வரியில் சொல்வதென்றால், குழந்தையைச் "சொல்லு, சொல்லு" என்று நச்சரிப்பதை விட்டுவிட்டு, அந்த ஒலிக்கு விளையாட்டில் ஒரு வேலை கொடுங்கள். சரியாகச் சொன்னால் ஒன்று நடக்க வேண்டும், மாற்றிச் சொன்னால் வேறொன்று நடக்க வேண்டும். அப்போதுதான் நாக்கை நகர்த்த அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

வாய்க்கு முன்னால் காது

விளையாட்டுக்குப் போகும் முன் காது. "கூப்பிட்டா திரும்புறான், பக்கத்து ரூம்ல பிஸ்கட் பாக்கெட் பிரிச்சா ஓடி வர்றான், காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று நாமே சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. லேசான கேட்புக் குறை இருந்தால் அ, ஆ போன்ற உரத்த ஒலிகள் கேட்கும். ச, ஃப மாதிரி மெலிந்த காற்றொலிகள் நழுவிப் போகும். கேட்காத ஒலியை வாய் எப்படிச் சொல்லும்? டெல்லிக் குளிரில் நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை மூக்கொழுகும் குழந்தைகள் ஏராளம். சளி போனபிறகும் நடுக்காதில் நீர் தங்கிவிடுவது உண்டு. வலிக்காது, காய்ச்சல் வராது, அதனால் நமக்குத் தெரியவும் தெரியாது. பேச்சைப் பற்றிச் சந்தேகம் வந்தால் முதல் வேலை காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோமெட்ரி பார்ப்பதுதான். கைக்குழந்தை என்றால் பெரா (BERA) போன்ற கேட்புச் சோதனைகள் உண்டு.

காது சரி என்று தெரிந்தபிறகு இன்னொரு வியப்பு காத்திருக்கும். 1960-இல் ஆய்வாளர்கள் ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரௌனும் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். தன் பிளாஸ்டிக் மீனை அவன் "ஃபிஸ்" என்பான். "இது உன்னோட ஃபிஸ்ஸா?" என்று கேட்டால், "இல்லை, என்னோட ஃபிஸ்" என்று மறுப்பான். "உன்னோட ஃபிஷ்ஷா?" என்றதும், "ஆமா, என்னோட ஃபிஸ்!" என்றான். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். "தட்டையா வேணும்?" என்று கேட்டால் சின்னவனுக்கு மூக்கு சிவக்கும். "தட்டை இல்லம்மா, *தட்டை*!" அவன் காதில் இரண்டும் வேறு வேறு. வாய்தான் இன்னும் வந்து சேரவில்லை. இதைப் புரிந்துகொண்டால் குழந்தையின் மழலையை அப்படியே திருப்பிச் சொல்லிக் கொஞ்சுகிற பழக்கத்தை நாமே குறைத்துக்கொள்வோம். அவனுக்கு அது கிண்டலாகக் கேட்கிறது.

எது வயசு, எது ஹிந்தி, எது கோளாறு

எல்லா ஒலியும் ஒரே நாளில் வராது. உதட்டில் பிறக்கும் ப, ம முதலில் எட்டிப் பார்க்கும். அம்மா, அப்பா, பாப்பா, மாமா எல்லாம் சுலபமாக வருவது அதனால்தான். ச, ர, ழ போன்றவை பொதுவாகப் பின்னால் வரும். ஷரின் மெக்லியோட், கேத்ரின் குரோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 27 மொழிகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த மொழியானாலும் ஐந்து வயதுக்குள் பெரும்பாலான மெய்யொலிகள் பெரும்பாலான குழந்தைகளுக்கு வந்துவிடுகின்றன என்பது அதன் சாரம். தெரபிஸ்டுகள் கைவசம் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கும் உண்டு. வெளி ஆள் ஒருவருக்கு, இரண்டு வயதுக் குழந்தையின் பேச்சில் பாதி புரிய வேண்டும், மூன்று வயதில் முக்கால்வாசி, நான்கு வயதில் கிட்டத்தட்ட எல்லாம். அம்மாவுக்குப் புரிவது கணக்கில் சேராது. நமக்கு எதுவும் புரியும். வாட்ச்மேன் அண்ணனுக்குப் புரிகிறதா என்று பாருங்கள்.

டெல்லியில் இன்னொரு சிக்கல். வீட்டில் தமிழ், கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம். தமிழில் க என்ற ஒரே எழுத்து ‘கல்’லில் ஒரு மாதிரியும் ‘மகன்’இல் வேறு மாதிரியும் ஒலிக்கும், அதை மாற்றினாலும் பொருள் மாறாது. ஹிந்தியில் அந்த இடத்தில் நான்கு தனி ஒலிகள், மூச்சு சேர்ந்தால் ஒரு சொல், சேராவிட்டால் வேறு சொல். தமிழ் வீட்டுக் குழந்தை அந்த மூச்சை விட்டுவிட்டுப் பேசினால், "சாஃப் நஹீ போல்தா" (தெளிவாகப் பேசுவதில்லை) என்று ஒரு குறிப்பு பள்ளி டைரியில் வரும். எங்களுக்கும் வந்தது. அது கோளாறு இல்லை, வீட்டு மொழியின் சாயல். ஆனால் அம்மா மொழியிலேயே காக்கா தாத்தா ஆகிறதென்றால் அதைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டு மொழியிலும் ஒரே ஒலி தடுமாறினால் கோளாறுக்கு வாய்ப்பு அதிகம். ஒரு மொழியில் மட்டும் தடுமாறினால் பழக்கக் குறைவாக இருக்கலாம்.

"வீட்ல தமிழை நிறுத்திட்டு ஒரே மொழி பேசுங்க, சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். எங்களிடமும் ஒருவர் சொன்னார். பல மொழி கேட்பதால் பேச்சொலிக் கோளாறு வருவதில்லை. தமிழை நிறுத்தினால் குழந்தைக்குக் குறைவது தாத்தாவோடு பேசும் பேச்சுதான். தெளிவாகப் பேசவைக்கிறேன் என்று பேசுவதற்கான ஆளையே குறைப்பது என்ன நியாயம்?

சட்டைக் கடை, தட்டைக் கடை

இனி விளையாட்டு. 1981-இல் ஃப்ரெடரிக் வெய்னர் என்பவர் இரண்டு குழந்தைகளோடு செய்த சிகிச்சையைப் பற்றி எழுதினார். ஒரே ஒலியால் மட்டும் வேறுபடும் சொல் ஜோடிகளைப் படமாக வைத்து ஆட்டம். குழந்தை எந்தச் சொல்லைச் சொல்கிறதோ அந்தப் படம்தான் எடுக்கப்படும். மனத்தில் என்ன நினைத்தது என்று பெரியவர் ஊகித்து உதவ மாட்டார். இந்த முறை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. தமிழில் இதற்கு ஜோடிகளைத் தேடவே வேண்டாம், கொட்டிக் கிடக்கின்றன.

எங்கள் வீட்டில் சோபாவுக்குப் பின்னால் கடை. நான் கடைக்காரி. ஒரு பக்கம் அவனுடைய சட்டைகள், இன்னொரு பக்கம் டப்பா நிறைய தட்டை. முதல் சுற்றில் அவன் சொல்ல வேண்டியதே இல்லை. நான் "சட்டை" என்றால் அவன் சட்டையைத் தொட வேண்டும், "தட்டை" என்றால் தட்டையைத் தொட வேண்டும். வேகமாக, மாற்றி மாற்றிச் சொல்வேன். காது பிரித்தறிகிறது என்று உறுதியானபிறகு இடம் மாறுவோம். இப்போது அவன் வாடிக்கையாளர். "தட்டை வேணும்" என்றான். கொடுத்தேன். கையில் தட்டையைப் பார்த்து விழித்தான். "ஓ, உங்களுக்கு ஸ்ஸ்சட்டையா? நீங்க தட்டைன்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு சார்." பாம்பு மாதிரி அந்தக் காற்றை நீட்டிக் காட்டினேன். "ஸ்ஸ்… தட்டை" என்று வந்தது. காற்று வந்துவிட்டது, த இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கே அரைச் சட்டை தரலாம் என்று முடிவு செய்து, ஒரு கையை மட்டும் மாட்டிவிட்டேன். சிரிப்பில் உருண்டான். மறுபடி கேட்டான்.

இந்த விளையாட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தவறான பொருளைக் கொடுக்கும்போது நம் முகத்தில் ஏமாற்றம் தெரியக் கூடாது, கடைக்காரரின் அப்பாவித்தனம் மட்டும்தான் தெரிய வேண்டும். அடுத்தது, இரண்டு மூன்று தடவைக்கு மேல் தோற்கவிடக் கூடாது. ஒலி இன்னும் வாயில் பிறக்கவே இல்லையென்றால் கடையை மூடிவிட்டு, முதலில் ஒலியைப் பிறக்கவைக்கும் வேலைக்குப் போக வேண்டும்.

வாய்க்குள் ஒரு மெட்ரோ

ஒலி எங்கே பிறக்கிறது என்பதற்கு நம்மிடம் பழைய வரைபடம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் மூன்றாவது இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, கழுத்து, நெஞ்சு, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் என்ற எட்டு இடங்களில் பொருந்தி எழுத்தாகிறது என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கு எங்கே போகிறது என்று விவரிக்கும். பள்ளியில் மனப்பாடம் செய்யாமல் தப்பித்தவர்கள், பிள்ளை வளர்க்கும்போது ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வல்லின வரிசையைக் கண்ணாடி முன் நின்று மெதுவாகச் சொல்லுங்கள், க, ச, ட, த, ப என்று. (ற-வை இப்போதைக்கு விட்டுவிடலாம்.) க-வுக்கு அடிநாக்கு மேலே முட்டும். ச-வுக்கு நடுநாக்கு. ட-வுக்கு நுனி மேலே வளையும். த-வுக்கு நுனி பல்லின் அடியில் பரவும். ப-வுக்கு நாக்குக்கு வேலையே இல்லை, உதடு மட்டும். தொண்டைப் பக்கம் தொடங்கி உதடு வரை வண்டி ஒழுங்காக நகர்கிறது. டெல்லிக் குழந்தைக்கு இதை விளக்க ப்ளூ லைனை விட நல்ல சாதனம் எது? அட்டையில் வாயைப் பக்கவாட்டில் வரைந்து ஐந்து ஸ்டேஷன் குறித்தோம். காக்கா க ஸ்டேஷனில் இறங்க வேண்டும். தூங்கிவிட்டதால் த ஸ்டேஷனில் போய் இறங்குகிறது. அங்கே அதைப் பார்த்து எல்லாரும் "தாத்தா வந்துட்டார்" என்கிறார்கள். இந்தக் கதை எங்கள் வீட்டில் ஏகப்பட்ட தடவை ஓடியது. காக்காவை எழுப்பி க-வில் இறக்கும் பொறுப்பு அவனுடையது.

க-வுக்கு உடம்பால் உணரவைக்கும் சில உபாயங்கள் உண்டு. மல்லாந்து படுத்தால் நாக்கு தானாகப் பின்னால் சரியும். அந்த நிலையில் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக் "கா… கா…" என்று சொல்லச் சொல்லலாம். வாய் கொப்பளிக்கத் தெரிந்த குழந்தையானால், வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்கும்போது "எங்க கரகரங்குது? அங்கதான் க வீடு" என்று காட்டலாம். ச-வுக்கு உள்ளங்கையை வாய்முன் பிடித்தால் குளிர்ந்த காற்று நீளமாகப் படும், த-வுக்கு அப்படிப் படாது. இன்று ‘சட்டை’யில் நாம் சொல்லும் ச காற்றொலி, ‘பச்சை’யில் சொல்வது முட்டி வெடிக்கும் ஒலி. சட்டை வராத குழந்தைக்குப் பச்சை வரலாம். எங்களுக்கு வந்தது. அதனால் ‘ச வரவில்லை’ என்று மொத்தமாக எழுதிவிடாமல், எந்தச் சொல்லில், எந்த இடத்தில் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். தெரபிஸ்டுக்கு அந்தத் தாள் மிகவும் உதவும்.

படிப்படியாக, பருவத்துக்கு ஏற்றபடி

அமெரிக்கரான சார்லஸ் வான் ரைப்பர், தானே திக்குவாயோடு வளர்ந்தவர், 1939-இல் எழுதிய பேச்சுத் திருத்தப் பாடநூலில் ஒரு வரிசை வகுத்தார். முதலில் ஒலியைக் கேட்டுப் பிரித்தறிவது, பிறகு தனி ஒலி, அசை, சொல், தொடர், கடைசியில் சாதாரணப் பேச்சு. இன்றைய முறைகள் பலவற்றுக்கு அடித்தளம் இதுதான். இதில் அசை என்ற படிக்கு நமக்குத் தயாராக உயிர்மெய் வரிசை இருக்கிறது. சா, சீ, சூ, சே, சோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படி ஏறினால் மாடிப்படி ஏறுவதே பயிற்சி. எங்கள் பில்டிங்கில் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும். முதன்முறையாக அதற்கு நன்றி சொன்னேன்.

குளிர்காலத்தில் ரஜாய் போர்வைக்குள் டார்ச் விளையாட்டு. சுவரில் படங்களை ஒட்டி, விளக்கணைத்துவிட்டு, அவன் பெயர் சொல்லும் படத்தின் மேல் நான் வெளிச்சம் அடிப்பேன். சரியாகச் சொன்னால் டார்ச் அவன் கைக்குப் போகும். மே, ஜூனில் வெளியே கால் வைக்க முடியாதபோது பரமபதம். ஏணியின் அடியிலும் பாம்பின் தலையிலும் ஒரு படம், அதைச் சொன்னால் ஏணி ஏறலாம், பாம்பிடமிருந்து தப்பிக்கலாம். கிச்சு கிச்சு தாம்பாளம் ஆட மணல் கிடைக்காது, தாம்பாளத்தில் ராஜ்மாவைக் கொட்டி அதற்குள் சின்னப் படச்சீட்டை ஒளித்தோம். ஆட்டத்தின் பெயரிலேயே அவனுக்கு வேண்டிய க, ச, த மூன்றும் இருக்கின்றன. ஆடும் முன் பெயரைச் சொல்லியாக வேண்டுமே!

ர-வுக்கு டெல்லி மெட்ரோவை விட்டால் ஆள் இல்லை. துவாரகா பக்கம் போகும் ப்ளூ லைனில் பாராகம்பா ரோடு, ராஜீவ் சௌக், ராமகிருஷ்ணா ஆசிரம மார்க், ஜண்டேவாலான், கரோல் பாக், ராஜேந்திரா பிளேஸ் என்று வரிசையாக வரும். ஜண்டேவாலானைத் தவிர ஒவ்வொன்றிலும் ர. நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் வண்டி ரெடி. அவன்தான் அறிவிப்பாளர். "அடுத்த நிலையம், லாஜீவ் சௌக்" என்றால் பயணிகளான நானும் மாமனாரும் இறங்க மாட்டோம், "எங்க ஸ்டேஷன் இன்னும் வரலைங்களே" என்போம். ர வர நாள் பிடிக்கும், வயதும் ஆக வேண்டும். அதனால் இந்த ஆட்டத்தில் பாதி தடவை ல-வுக்கும் இறங்கிவிடுவோம். எப்போது விட்டுக்கொடுப்பது என்பது விளையாடும் பெரியவரின் நிதானம்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அவன் "இன்னொரு தடவை" என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள், நாளைக்கு அவனே கூப்பிடுவான். மற்ற நேரமெல்லாம் திருத்தாமல், சரியான வடிவத்தைப் பேச்சுக்குள் திருப்பிக் கொடுத்தால் போதும். "தாமி தும்பிடணும்" என்றால், "ஆமா, சாமி கும்பிடலாம் வா. சாமிக்குப் பூ வைக்கலாமா?" அவ்வளவுதான். சாமி இரண்டு தடவை காதில் விழுந்தது. ‘சொல்லு’ என்ற வார்த்தையே வரவில்லை.

பலூனும் வசம்பும்

விசில் ஊதச் சொல்வது, பலூன் ஊதச் சொல்வது, ஸ்ட்ராவில் உறிஞ்சச் சொல்வது, நாக்கை மூக்குவரை நீட்டச் சொல்வது எல்லாம் பேச்சுப் பயிற்சி என்ற பெயரில் எங்கும் உலவுகின்றன. கிரெகரி லாஃப், மேகி வாட்சன் இருவரும் 2008-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், அமெரிக்கத் தெரபிஸ்டுகளிலேயே 85 சதவீதம் பேர் இத்தகைய வாய்ப்பயிற்சிகளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஆனால் மருத்துவச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, இவற்றால் பேச்சொலி திருந்துகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றது. பலூன் ஊதினால் பலூன் ஊதுவது நன்றாக வரும். ச வேண்டுமென்றால் ச-வைத்தான் சொல்லிப் பழக வேண்டும். பிறந்தநாளுக்குப் பலூன் ஊதட்டும், அதைச் சிகிச்சை என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது வசம்பு. "நாக்குல வசம்பு தேச்சு விடு, தடிச்ச நாக்கு திரும்பிரும்" என்று அன்போடு ஊரிலிருந்து பார்சலே வரும். வசம்பில் பீட்டா-அசரோன் என்ற பொருள் இருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உணவில் வசம்பைச் சேர்ப்பதை 1968-லேயே தடை செய்துவிட்டது. பேச்சொலிக்கு அது உதவும் என்பதற்குச் சான்றும் இல்லை. பார்சலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன், ஆச்சியிடம் சண்டை போடவில்லை. நாக்கின் அடியில் சவ்வு ஒட்டியிருக்கிறது, வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்பதையும் அவசரப்பட்டு நம்ப வேண்டாம். அப்படி இருக்கும் பல குழந்தைகள் தெளிவாகவே பேசுகிறார்கள். மருத்துவரும் தெரபிஸ்டும் சேர்ந்து பார்த்துச் சொல்லட்டும்.

ழ எப்போது?

கடைசியில். க, ச, ர எல்லாம் நின்றபிறகு. நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தை உரசாமல் உரசிப் போகும் நுட்பமான வேலை அது. தமிழ்நாட்டிலேயே பெரியவர்கள் பலருக்கு வாய்ப்பதில்லை. டெல்லியில் குழந்தை காதில் ழ விழுவதே அபூர்வம். ஹிந்தியில் இல்லை, ஆங்கிலத்தில் இல்லை, நம் வீட்டுப் பேச்சிலும் பாதிநாள் இல்லை. கேட்டாலல்லவா வரும்? எனவே பயிற்சி முதலில் நமக்கு. கதை படிக்கும்போது மழை, கழுதை, குழி, தாழம்பூ என்று நாம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் கிழவியின் நாப்பிறழ் வேடிக்கையை வீட்டில் எல்லாரும் முயன்று எல்லாரும் தோற்கலாம். அப்பா சொதப்புவதைப் பார்ப்பதுதான் குழந்தைக்கு இருப்பதிலேயே பெரிய ஊக்கம். லோதி எஸ்டேட், மந்திர் மார்க், ஜனக்புரி உட்பட டெல்லியில் பல இடங்களில் இருக்கும் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் பிள்ளை படித்தால் காதுக்குத் தமிழ் கிடைக்கும். இல்லாதவர்களுக்கு ராமகிருஷ்ணபுரத்துத் தமிழ்ச் சங்கமும் மலை மந்திரின் படிக்கட்டுகளும் இருக்கின்றன. அங்கே ஓடிப் பிடித்து விளையாடக் கிடைக்கும் தமிழ்க் குழந்தைகள், எந்தப் படச்சீட்டையும் விட நல்ல பயிற்சி.

விளையாட்டு போதாதபோது

ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வரவில்லை, வந்த சொற்கள் நின்றுபோயின, சத்தத்துக்குத் திரும்புவதில்லை, பேச்சு மூக்கால் வழிகிறது, மூன்று வயதிலும் வெளியாருக்குப் பாதிகூடப் புரியவில்லை, புரியாததால் குழந்தை அடிக்கிறது, அழுகிறது, பேசுவதையே தவிர்க்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்காமல் போய்ப் பார்த்துவிடுங்கள். எய்ம்ஸ், சப்தர்ஜங் போன்ற அரசு மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, கேட்புக் குறைபாட்டு நிறுவனத்தின் வட்டார மையம் நொய்டாவில் இருக்கிறது. தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தப் பதிவு கட்டாயம். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நல்ல தெரபிஸ்ட் மகிழ்ச்சியாகக் காட்டுவார்.

டெல்லியில் தெரபி பெரும்பாலும் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். கவலை வேண்டாம். ஹிந்திச் சொல்லில் க-வைப் பிடித்த நாக்குக்குக் காக்காவும் வசப்படும். எந்த ஒலி, எந்தப் படியில் இருக்கிறது என்று அவரிடம் கேட்டு வந்து, அதே படியில் தமிழ்ச் சொற்களைப் போட்டு வீட்டில் ஆடுவது நம் வேலை. தமிழ்த் தெரபிஸ்டே வேண்டுமென்றால் சென்னையிலிருந்து ஆன்லைனில் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் கையால் எழுதி வைத்திருக்கும் ஜோடிகளில் சில, படம் வரைந்துகொள்ள வசதியாக:

க / த: கட்டு – தட்டு, காக்கா – தாத்தா, கை – தை (தை மாதத்துக்குப் பொங்கல் பானை வரையலாம்)
ச / த: சட்டை – தட்டை, சட்டி – தட்டி
ட / த: பட்டு – பத்து, முட்டு – முத்து
ர / ல: கரை – கலை, மரை – மலை (மரை என்பது மான் வகை, ‘மரம்’ மட்டும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை)
ல / ள: புலி – புளி, வால் – வாள்
ல / ழ: மலை – மழை, தலை – தழை
ள / ழ: கிளி – கிழி

பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடாதீர்கள். உங்கள் குழந்தைக்கு இப்போது தேவைப்படும் ஒரு ஜோடியை மட்டும் எடுங்கள். காது பிரித்தறிகிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு கடையைத் திறங்கள். தட்டை டப்பா நிறைய இருக்கட்டும். ஆரம்பத்தில் நிறைய விற்கும்.